தவக்கால நெத்திலியும் என் வலது கட்டைவிரலும்

என் வலது கால் கட்டைவிரலைப் பற்றி ஐம்பத்தாறு வயதுவரை நான் தனியாக யோசித்ததே இல்லை. செருப்புக்குள் மற்ற விரல்களோடு அதுவும் கிடந்தது, அவ்வளவுதான். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தின் நடுவில் ஒரு காலை, தான் யார் என்பதை அது எனக்குக் காட்டியது. படுக்கையிலிருந்து எழுந்து காலைத் தரையில் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். விரலின் அடிக்கணு தக்காளிப் பழமாகச் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. மின்விசிறிக் காற்று பட்டால்கூட வலித்தது. காற்று பட்டு வலிக்கிற ஒரு நோய் உண்டு என்று எந்த மாணவனாவது லீவ் லெட்டரில் எழுதியிருந்தால், அவனை நாள் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருப்பேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் வாத்தியார். திருச்சியில் பாலக்கரைப் பக்கம் வீடு. எட்டி நடந்தால் கோயில். நாங்கள் கத்தோலிக்கர்கள் என்றாலும் மாதா கோயிலைக் கோயில் என்றும், அங்கே நடப்பதைப் பூசை என்றும்தான் சொல்வோம். அந்தக் கோயிலில் எனக்கு வெகுநாளாக ஓர் ஆசை இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை பூசையில், இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்து, அவர்களுடைய வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்றில் நான் உட்கார வேண்டும். ஆசையை வெளியே சொன்னால் ஆணவம் ஆகிவிடும் என்பதால், ஒவ்வொரு வருஷமும் யாராவது கூப்பிடுவார்கள் என்று முகத்தைத் தாழ்மையாக வைத்துக்கொண்டு திரிந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

காரணம் எனக்கே தெரியும். கோயில் காரியங்களை முடிவு செய்கிற பங்குப் பேரவைக் கூட்டத்தில் வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவன் நான். கோயிலுக்கு வெளியே நிற்கிறவர்களுக்குப் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை என்று கிளம்பி, கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டு, கடைசியில் வாசல் தூண்களில் பெரிய ஸ்பீக்கர்களையும், சாமியார் அங்கியின் கழுத்தில் செருகிக்கொள்ள ஒரு சின்ன மைக்கையும் வாங்கவைத்தேன். எதிர்த்து நின்றவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். "தெருவுக்கே கேட்கணும்னு என்ன சார் அவசியம்?" என்று அவர் கேட்டார். தெருவுக்கே கேட்க வேண்டும் என்று நான் மேசையைத் தட்டிச் சொன்னேன். அவர் பலமுறை பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார்ந்தவர். நான் ஸ்பீக்கரை மட்டும் ஜெயித்தவன்.

அந்த வருஷம் புதிதாக ஓர் இளம் சாமியார் மாற்றலாகி வந்தார். என் வரலாறு தெரியாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே, "சார், பெரிய வியாழன் அன்னைக்கு உங்க வலது கால் எனக்கு வேணும்," என்றார். "ஐயோ ஃபாதர், நானெல்லாம் எதுக்கு," என்றேன். வேறு யாரையாவது பார்க்கிறேன் என்று அவர் சொல்லிவிடுவதற்குள், "சரிங்க ஃபாதர், நீங்க சொன்னா சரி," என்றும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமைதான் கட்டைவிரல் வீங்கியது.

உடனே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் பாலக்கரையில் எனக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லோரும் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள். வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவர்களும் அப்படியே. நான் நொண்டியது தெரிந்தால், அக்கறையோடு யாராவது ஃபாதரிடம் சொல்லுவார்கள். ஃபாதரும் அக்கறையோடு எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, எதிர்வீட்டு மேனேஜரைக் கூப்பிடுவார். அவருடைய கால் எப்போதும் தயாராகவே இருக்கும். மாலையில் வாசலில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவி நீவிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

என் மனைவியிடமும் சொல்லவில்லை. கல் தடுக்கிவிட்டது என்றேன். அவளுக்கு வீக்கம் என்றாலே பயம். அவளுடைய அண்ணன் அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கால் வீங்குகிறது, உடம்பு அசதியாக இருக்கிறது என்பதையெல்லாம் வருஷக்கணக்கில் வீட்டில் மறைத்து, கடைசியில் சிறுநீரகம் கெட்டு, இப்போது டயாலிசிஸில் இருக்கிறார். அவள் வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்த அன்று அதிகம் பேசமாட்டாள். அவளை ஏன் வீணாகப் பயமுறுத்துவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழுப்பொய். நாற்காலி போய்விடுமே என்பதுதான் என் பயம்.

உண்மையில் என் உடம்பு சில மாதங்களாகவே வேறு சில வித்தைகளையும் காட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் சோம்பல் முறித்துக் காலை நீட்டினால் ஆடுசதை இறுகிக் கல்லாகிவிடும். நான் கத்துவேன். என் மனைவி எழுந்து வந்து, பாதத்தை இரு கையாலும் பிடித்து என் முழங்காலைப் பார்த்து மடக்குவாள். சற்று நேரத்தில் சதை இளகும். இது எங்கள் வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் நடக்கிற காரியம் ஆகிவிட்டிருந்தது.

இன்னொன்று இடது கண். இமை தன்னிஷ்டத்துக்குத் துடிக்கும். பன்னிரண்டாம் வகுப்பில், "நாளைக்கு டெஸ்ட், ஒருத்தரும் தப்பிக்க முடியாது," என்று முகத்தைக் கடுமையாக வைத்துச் சொன்னேன். கண் துடித்தது. நான் கண்ணடித்து விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று வகுப்பே முடிவு செய்து, மறுநாள் வெறுங்கையோடு வந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபத்தில், பாவத்துக்காக மனம் வருந்துகிற இடத்தில், பாடற்குழுவின் மூத்த பெண்மணியைப் பார்த்து என் கண் துடித்ததைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

ஆக, ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். காவிரிக்கு அந்தப் பக்கம் என்னை யாருக்கும் தெரியாது. உத்திர வீதியில் ஒரு பெண் டாக்டர், நாற்பது வயதிருக்கும், கெட்டிக்காரர் என்று பள்ளியில் ஒருவர் சொல்லியிருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ராஜகோபுரத்தில் இறங்கி, கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்து வந்தவன்போல ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தேன். வழியில் ஒரு அம்மாள் இரக்கப்பட்டு, "மெதுவாப் போங்கோ, பெருமாள் எங்கேயும் போயிட மாட்டார்," என்றார்.

டாக்டர் கட்டைவிரலைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "யூரிக் ஆசிட் மாதிரி இருக்கு. ரத்தம் பார்த்துடலாம். கால் இழுத்துக்கறதுன்னும், கண் துடிக்கறதுன்னும் சொல்றேள், அதனால மெக்னீசியமும் சேர்த்துப் பார்த்துடுவோம். நான்-வெஜ் சாப்பிடறேளா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தவக்காலம் டாக்டர். அது ஆரம்பிச்ச திருநீற்றுப் புதன்லேருந்து கையால தொடல."

"அடடே, ரொம்ப நல்லது. தண்ணி போடற வழக்கம்?"

"அதுவும் இல்ல டாக்டர்."

"குடிக்கற தண்ணி?"

"வெள்ளிக்கிழமை ஒருசந்தி. அன்னைக்கு ஒரே வேளைதான் சாப்பாடு. தண்ணிகூட அதிகம் குடிக்கறதில்ல," என்றேன் பெருமையாக.

"அதை முதல்ல நிறுத்துங்கோ. உபவாசம் இருங்கோ, வேண்டாங்கல. தண்ணியைக் குறைக்கக் கூடாது," என்று சொல்லி, வலிக்கு மாத்திரை எழுதி, நான் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளை அடுத்த முறை கொண்டு வரச் சொன்னார்.

எங்கள் தவக்காலத்தைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கறியை விலக்குவதை எங்கள் பெரியவர்கள் சுத்தபோசனம் என்பார்கள். ஆடு, கோழி, மாடு, பன்றி எதுவும் கூடாது. மீன் ஆகும். மீன் கறிக்கணக்கில் வராது. இதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. அதனால் தவக்காலம் வந்தால் எங்கள் தெருவில் மீன்காரரின் வண்டி மணி அதிகம் கேட்கும். மற்ற மாதங்களில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அசைவம். தவக்காலத்தில், கறியைத் தியாகம் செய்த துக்கத்தில், தினமும் மீன். நெத்திலி வறுவல், நெத்திலிக் குழம்பு, மத்தி கிடைத்தால் மத்தி, இல்லாவிட்டால் கருவாடு. டாக்டரிடம் நான் பொய் சொல்லவில்லை. என் கணக்கில் நான் சுத்த சைவமாகத்தான் இருந்தேன். பாலக்கரை டாக்டராக இருந்திருந்தால், "மீன் எவ்வளவு உள்ளே தள்றீங்க?" என்றுதான் முதல் கேள்வியே கேட்டிருப்பார்.

மாத்திரையில் வலி இறங்கியது. மனிதன் சும்மா இருக்கலாம். நான் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, என் மனைவியிடம், "கறியை விட்டு உடம்பு எளைச்சுப் போச்சு, பெரிய வியாழனுக்குள்ள தெம்பு ஏத்தணும், நெத்திலி கொஞ்சம் கூட வாங்கு," என்றேன். அவள் பாவம், நான் சொன்னதை நம்பி, தலை கிள்ளி, குடல் எடுத்து, அலசி அலசி எனக்காக அந்தச் சனியனைப் பொரித்தாள்.

இரண்டாம் முறை போனபோது ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. யூரிக் ஆசிட்டுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு. மெக்னீசியத்துக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு. டாக்டர் நான் கொண்டுபோன மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த பிபி மாத்திரையை யார் எழுதினா?"

"அது பழைய டாக்டர். அவர் ஊர் மாறிப் போய் ரொம்ப நாளாச்சு."

"அப்புறம்?"

"அட்டையைக் காட்டி மருந்துக் கடையில வாங்கிக்கறேன்."

"இதுல நீர் பிரியற மருந்தும் சேர்ந்திருக்கு. சில பேருக்கு அது மெக்னீசியத்தை வெளியில தள்ளிடும், யூரிக் ஆசிட்டை உள்ளேயே நிறுத்திடும். மாத்தித் தரேன். இதென்ன, நெஞ்செரிச்சல் மாத்திரையா? இதை எத்தனை நாளா சாப்பிடறேள்?"

காலையில் காபிக்கு முன்னால் அதை விழுங்குவது பல் தேய்ப்பதோடு சேர்ந்த பழக்கம் என்றும், எப்போது ஆரம்பித்தேன் என்று நினைவில்லை என்றும் சொன்னேன். நெஞ்செரிச்சல் இப்போது உண்டா என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன்.

"இதுவும் வருஷக்கணக்கா சாப்பிட்டா மெக்னீசியத்தைக் குறைக்கும். சரி, கீரை சாப்பிடறேளோ?"

நான் தரையைப் பார்த்தேன். கீரை எனக்குப் பிடிக்காது. முளைக்கீரை, அரைக்கீரை, முருங்கைக்கீரை எதுவும் என் தட்டில் தங்காது. டாக்டர் கீரை, பயறு, நிலக்கடலை, பூசணி விதை, கேழ்வரகு என்று சொல்லிக்கொண்டே போனார். "பச்சையா எது இருக்கோ அதுல மெக்னீசியம் இருக்கும் சார். நீங்க என்ன வேலை பார்க்கறேள்?"

தாவரவியல் வாத்தியார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலையின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம், அந்தப் பச்சைய மூலக்கூறின் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பது மெக்னீசியம் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கரும்பலகையில் படம் போட்டு வந்தவன் நான். நடுவில் பெரிய வட்டமாகப் போட்டு, மஞ்சள் சாக்பீஸால் அடிக்கோடும் இழுப்பேன். தேர்வில் அதை எழுதாதவர்களுக்கு மதிப்பெண் தந்ததில்லை. அது இலைக்குத் தேவை என்று தெரியும். எனக்கும் தேவைப்படலாம் என்று தோன்றவே இல்லை.

"வாத்தியார்," என்று மட்டும் சொன்னேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று விரல் மறுபடியும் வீங்கியது. முன்னைவிட மோசம். ஓலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் நடக்கும்போது, ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்தேன். என் பக்தியைப் பார்த்து இரண்டு பேர் கண்கலங்கினார்கள். அன்று மாலை எதிர்வீட்டு மேனேஜர் என் மனைவியிடம், "சாரை ஸ்ரீரங்கத்துல அடிக்கடி பார்க்குறேனே, ஏதும் விசேஷமா?" என்று கேட்டிருக்கிறார். தவக்காலத்தில் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்ரீரங்கம் போகிறார், வருகிறார், இடது கண் வேறு துடிக்கிறது என்றால், ஒரு மனைவி என்னென்ன நினைப்பாள் என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

அவள் கூச்சல் போடவில்லை. என் பையைத் திறந்து மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"கல் தடுக்கினதுக்கு இது எதுக்கு?"

சொன்னேன். நாற்காலி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுதாள். "எங்கண்ணனும் இப்படித்தான் மறைச்சாரு. செருப்பு இறுக்குதுன்னு சொன்னாரு. நாங்களும் பெரிய செருப்பு வாங்கிக் குடுத்தோம். நாளைக்கு நானும் வரேன்," என்றாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் மாதக்கணக்காக டயாலிசிஸ் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்தபடி எனக்காகவும் அங்கே உட்கார வேண்டியிருக்குமோ என்ற பயத்தை, நான் சொன்ன பொய்யோடு சேர்த்து அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

மறுநாள் டாக்டர் குழம்பிப் போயிருந்தார். "மாத்திரையை மாத்தியாச்சு, மாமிசமும் தொடறதில்லை. ஏன் திரும்ப வரணும்? ஆத்துல என்ன சமையல் மாமி?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"சாதாரண சாப்பாடுதாங்க டாக்டர். சோறு, மீன் குழம்பு, நெத்திலி வறுவல். அவ்வளவுதான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். என்னைப் பார்த்தார். "நான்-வெஜ்ஜே தொடலைன்னேளே?"

"தொடல டாக்டர். மீன்தான்," என்றேன்.

"மீன் என்ன கொடியிலயா காய்க்கறது?"

"இல்ல டாக்டர், அது சுத்தபோசனத்துல..." என்று ஆரம்பித்து, ஒரு பாரம்பரியத்தையே தோளில் தூக்கிக்கொண்டு விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "தப்பா நினைச்சுக்காதீங்கோ. எங்காத்துலயும் ஏகாதசி உபவாசம்னா அரிசி மட்டும்தான் கிடையாது. காலம்பற உப்புமா, மத்தியானம் அடை, சாயங்காலம் கேசரி. மறுநாள் எல்லாரும் வயத்தைப் பிடிச்சுண்டு எங்கிட்டதான் வருவா. ஆனா சார், யூரிக் ஆசிட்டுக்கு ஆட்டைவிட உங்க நெத்திலியும் மத்தியும் ஒண்ணும் இளைச்சவா இல்லை. தினமும் சாப்பிட்டா எந்த மாத்திரை கேக்கும்?"

நான் செய்த புண்ணியமெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது எனக்கு விளங்கியது. கறியை விட்ட தியாகம், ஒருசந்தி, தண்ணீர் குடிக்காத தவம், எல்லாமே என் கட்டைவிரலில்தான் குவிந்திருந்தன.

என் மனைவி சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "டாக்டர், இவருக்கு கிட்னி?" என்றாள்.

டாக்டரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நன்னா இருக்கு மாமி. அதையும் பார்த்துட்டேன். இப்போ கவனிச்சுண்டா ஒண்ணும் வராது. மறைச்சா மட்டும்தான் வரும்." என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடியும் என்றும், மெக்னீசியம் ஏறுவதற்கு நாளாகும் என்றும், அதுவரை கால் இழுக்கத்தான் செய்யும் என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பஸ் காவிரிப் பாலத்தில் வரும்போது அவள் சொன்னாள்: "ஃபாதர்கிட்ட சொல்லி வேற ஆளைப் போடச் சொல்லுங்க."

"சொல்றேன்," என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். பெரிய வியாழன் சாயங்காலம், அவள் தேய்த்துக் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, பூசைக்கு முன்னால் ஃபாதரின் அறைக்குப் போனேன். மற்ற பதினொரு பேரும் குளித்து, காலுக்கு சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி வந்திருந்தார்கள். சாமியார் கழுவுவதற்கு முன்னால் நாங்களே காலைக் கழுவிவிட்டு வருவது எங்கள் ஊர் மரியாதை. ஃபாதர் என் தோளில் கைவைத்து, "சார், இந்த மைக் நீங்க போராடி வாங்கினதாமே? அருமையா இருக்கு," என்று கழுத்துப் பட்டையில் செருகியிருந்த மைக்கைத் தட்டிக் காட்டினார். இப்படி ஒருவர் பாராட்டும்போது, என் கட்டைவிரலுக்கு யூரிக் ஆசிட் என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தவன், "நன்றி ஃபாதர்," என்று மூடிவிட்டேன்.

முதல் வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் அவள் முகம் மாறியது. சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் பீடத்தைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்க்காமல் இருந்தேன்.

பாடற்குழு பாட ஆரம்பித்தது. ஃபாதர் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பித்தளைத் தாம்பாளத்தைப் பிடிக்க, செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றி, பாதத்தைக் கையால் தேய்த்து, துண்டால் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். இளைஞர், எல்லாவற்றையும் முழுமனதோடு செய்கிறவர். தேய்ப்பதையும் அப்படித்தான் தேய்த்தார். பக்கத்து நாற்காலிக்காரரின் கால்விரல்களை அவர் ஒவ்வொன்றாக நீவி விட்டதைப் பார்த்தபோது எனக்கு வியர்த்தது.

என் முன்னால் மண்டியிட்டார். குதிகாலைத் தாங்கி என் காலைத் தூக்கினார். பாதம் முன்னோக்கி நீண்டது. குளிர்ந்த தண்ணீர் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஆடுசதை இறுகியது. விடியற்காலையில் மட்டுமே வருகிற விருந்தாளி, அன்று சாயங்காலப் பூசைக்கும் வந்துவிட்டது. கால் என் கட்டுப்பாட்டில் இல்லாமல் உதறியது. தாம்பாளம் மணியடித்ததுபோல் பீடப்படிகளில் உருண்டது. தண்ணீர் ஃபாதரின் மார்பெல்லாம் கொட்டியது. கட்டைவிரல் அவர் கையில் இடித்தது.

"ஐயோ, வலிக்குதே! அம்மா, வலிக்குதே!" என்று அலறினேன்.

வலியில் நான் முன்னால் குனிந்ததில் ஃபாதரின் கழுத்து மைக் என் வாய்க்கு மிக அருகில் இருந்தது. எத்தனையோ நாள் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்த அந்த ஒரு வார்த்தை, நான் மேசையைத் தட்டி வாங்கவைத்த ஸ்பீக்கர்கள் வழியாக பாலக்கரைத் தெருவுக்குப் போனது. பாட்டு நின்றது.

செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது. என் மனைவி எழுந்து பீடத்துப் படியேறி வந்துகொண்டிருந்தாள். யார் என்ன நினைப்பார்கள் என்று அவள் பார்க்கவில்லை. ஃபாதர் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் கையிலிருந்து என் காலை வாங்கினாள். கட்டைவிரலில் கைபடாமல், பாதத்தின் வெளிப்பக்கத்தை மட்டும் உள்ளங்கையால் அணைத்து, முழங்காலைப் பார்த்து மடக்கினாள்.

"மூச்சை விடுங்க. விரலை நான் தொடல."

மூச்சை விட்டேன். சதை மெல்ல இளகியது. ஃபாதர் நனைந்த அங்கியோடு அப்படியே மண்டியிட்டிருந்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார். அவள் என் காலைத் துடைத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படியான குரலில் சொன்னாள்:

"இனிமே எது வலிச்சாலும் எங்கிட்ட முதல்ல சொல்லணும். எங்கண்ணனுக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி உங்களுக்கும் என்னால உட்கார முடியாது."

"சரி," என்றேன்.

"சத்தமா சொல்லுங்க."

"சரிம்மா. சொல்லிடறேன்."

ஃபாதர் குனிந்து, விரலுக்கு எட்டாத தூரத்தில், குதிகாலில் முத்தமிட்டார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் நனைந்திருந்தன. தாம்பாளத்துத் தண்ணீராகவும் இருக்கலாம். அவள் துண்டை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது எதிர்வீட்டு மேனேஜர் வாசல் தூணடியில் நின்றிருந்தார். என் காலைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். "நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் சார். இங்க ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு," என்றார். மெழுகுவர்த்தி விற்கிற அம்மாவும் விடவில்லை. "ஆமா சார், அந்த அம்மா சொன்னதும் கேட்டுச்சு, நீங்க சரின்னதும் கேட்டுச்சு. தெருவே சாட்சி. மாறிடாதீங்க," என்றார்.

மாறமாட்டேன் என்று தலையாட்டினேன். இடது கண் துடித்தது.

"கண்ணடிக்காதீங்க சார், நெசமாத்தான் சொல்றேன்," என்றார் அந்த அம்மா.

என் மனைவி செருப்பை என் காலருகில் போட்டாள். வழக்கமாக இருந்தால் அதை மாட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்திருப்பேன். வீடு அங்கிருந்தே தெரிந்தது. மேனேஜர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் வலிக்குது," என்றேன் அவளிடம். "வீடு வரைக்கும் நடக்க முடியாது."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தெருவில் இறங்கி, கையைத் தூக்கி ஆட்டோவைக் கூப்பிட்டாள்.